முத்திரை உடையும் வரை

கண் கழுவும் கரைசல் அடைத்து விற்கப்படும் ஒருமுறைக் குப்பி உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கூடு. உள்ளே 20 மில்லிலிட்டர் உப்புநீர் இருக்கும். நூறு மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்பு என்ற கணக்கு, கண்ணீரின் உப்புத்தன்மையை ஒட்டியது. இதற்கு மூடி என்று தனியாக ஒன்று கிடையாது. கழுத்துக்கு மேலே இருக்கும் தட்டையான காதைத் திருகினால் அது பிய்ந்து வந்து வாய் திறக்கும். திறந்ததை மறுபடி அடைக்க வழியில்லை. பிழிந்து கண்ணில் விட்டபின் மிச்சமிருந்தாலும் அது குப்பைக்குத்தான்.

இதைச் செய்யும் இயந்திரம் பிளாஸ்டிக் மணிகளை உருக்கிக் குழாயாக இறக்குகிறது. அச்சு அதைக் கவ்வுகிறது, காற்று ஊதிக் குப்பியாக்குகிறது, ஊசி நீரை நிரப்புகிறது, சூடான அச்சு கழுத்தை நெரித்து ஒட்டுகிறது. எல்லாம் சில நொடிகளில், மனிதக் கை படாமல் முடிந்துவிடுகின்றன. வெளியே வரும் குப்பியின் மேல் ‘கிருமியற்றது’ என்று அச்சாகிறது. தத்துவம் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது: உள்ளே உயிர் எதுவுமே இல்லை என்பதை யார், எப்படி அறிந்தார்கள்?

கண்ணால் பார்த்து அறிய முடியாது. சோதித்து அறியலாமென்றால் குப்பியைத் திறக்க வேண்டும், திறந்த குப்பி விற்பனைக்கு ஆகாது. ஆய்வகங்கள் ஒரு தொகுதியிலிருந்து சில குப்பிகளை எடுத்து, அவற்றின் நீரை ஊட்டக் கரைசலில் சேர்த்து 14 நாள் வைத்துப் பார்க்கின்றன. கலங்கினால் கிருமி உண்டு. கலங்காவிட்டால் தொகுதி கடைக்குப் போகிறது. ஆக, நோயாளியின் கைக்கு வரும் குப்பி ஒருபோதும் சோதிக்கப்பட்டதே அல்ல. சோதிக்கப்பட்டவை அதன் உடன்பிறப்புகள். கண்டவற்றிலிருந்து காணாதவற்றுக்குத் தாவும் இந்த அனுமானத்துக்குத் தர்க்க ஆதாரம் கிடையாது என்று 18ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி டேவிட் ஹியூம் வாதிட்டார். இங்கே அந்த ஓட்டை வெறும் ஏட்டுச் சிக்கலாக நிற்கவில்லை. ஆயிரத்தில் ஒரு குப்பி கெட்டிருக்கும் தொகுதியிலிருந்து 20 குப்பிகளை எடுத்துச் சோதித்தால், கெட்டது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். மீதி தொண்ணூற்றெட்டு தடவையும் தொகுதி தேறிவிடும்.

எனவே மருந்துத் துறை சோதனையை நம்புவதைவிடச் செய்முறையை நம்புகிறது. 121 டிகிரி நீராவியில் கிருமிகள் ஒரே கணத்தில் மொத்தமாக மடிவதில்லை. ஒவ்வொரு கால அளவிலும் பத்தில் ஒன்பது பங்கு சாகிறது. பத்து லட்சம் ஒரு லட்சமாகும், அது பத்தாயிரமாகும், ஆயிரமாகும். ஒன்றுக்கு வந்தபின்னும் கணக்கு நிற்பதில்லை. பத்தில் ஒரு கிருமி, நூறில் ஒரு கிருமி என்று இறங்கிக்கொண்டே போகும். பத்தில் ஒரு கிருமி என்றால் பத்துக் குப்பியில் ஒன்றில் கிருமி இருக்கலாம் என்று பொருள். கோடு பூஜ்யத்தை நெருங்கும், ஒருபோதும் தொடாது. கெட்ட குப்பி இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகாத இடத்தில் உலக மருந்தேடுகள் கோடு கிழித்து, அதற்கு அப்பால் உள்ளதைக் ‘கிருமியற்றது’ என்கின்றன. மெல்லிய பாலிஎத்திலீன் அந்த வெப்பத்தில் இளகிவிடும். ஆகவே அத்தகைய குப்பிகளுக்கான நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, கிருமி நுழையாத சூழலில் நிரப்புகிறார்கள். அங்கே உறுதி இன்னும் கூடுதலாக ஒழுங்கைச் சார்ந்தது: யார் எந்த உடையில் உள்ளே வந்தார், எந்தக் கதவுக்குப்பின் எந்தக் கதவு திறந்தது, பதிவேட்டில் கையெழுத்து உண்டா.

காணமுடியாத தூய்மை, அதைக் காக்கும் விதிமுறை, விதிமுறைக்குச் சாட்சியாக ஒரு முத்திரை. இந்த அமைப்பு சமயங்களுக்குப் புதிதல்ல. விவிலியத்தின் எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தில், பிணம் கிடக்கும் கூடாரத்தில் மூடி கட்டப்படாமல் திறந்திருக்கும் பாத்திரங்கள் எல்லாம் தீட்டு என்ற விதி வருகிறது. இறுக அடைத்த பாத்திரத்தின் உள்ளிருப்பு தப்பிக்கும் என்று யூத மரபு இதற்கு விளக்கம் தந்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் பாத்திரங்களுக்கென்றே ‘கேலிம்’ என்ற பகுதி இருக்கிறது. அதன் பத்தாம் அதிகாரம் எந்தப் பொருளால் அடைத்தால் அடைப்பு என்று நுணுகி நுணுகிக் கேட்கிறது. சுண்ணாம்பு, கீல், மெழுகு, களிமண் எல்லாம் செல்லும். ஈயம் செல்லாது. அது மூடியாகுமே தவிர, இடைவெளியில்லாத அடைப்பாகாது. இன்று மருந்தாலையின் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் கசிவுச் சோதனையில் கேட்பதும் இதே கேள்விதான்.

ஒருமுறையோடு கழித்துவிடும் வழக்கமும் பழையதே. தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தை உடைத்துவிட வேண்டும் என்கிறது லேவியராகமம். உலோகத்தை நெருப்பிலும் நீரிலும் தூய்மையாக்கலாம். இந்து தர்மசாத்திரங்களும் மண்ணையும் உலோகத்தையும் இதேபோல் பிரிக்கின்றன. சாவு விழுந்த வீட்டில் பழைய மண்பானைகளை எறிந்துவிட்டுப் பித்தளையைப் புளிபோட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்ட தமிழ் வழக்கத்தின் பின்னாலும் இந்தப் பகுப்பு உண்டு. துளையுள்ள பொருள் பட்டதை உறிஞ்சிக்கொள்ளும், அதை மீட்க முடியாது என்ற கவனிப்பு இரண்டு மரபுகளிலும் தெரிகிறது. இஸ்லாமியச் சட்டத்தில் ஷாஃபி மரபு நீரையே இப்படிப் பார்க்கிறது. தொழுகைக்கு முன் செய்யும் கட்டாய ஒளுவில் (கைகால் முகம் கழுவுதலில்) ஒருமுறை பயன்பட்ட சிறிதளவு நீர் அசுத்தமாகிவிடுவதில்லை. ஆனால் இன்னொரு ஒளுவுக்கு அது உதவாது. சமணத் துறவிகள் கொதிக்கவைத்த நீரையே அருந்துகிறார்கள். உயிரற்றதாகிவிட்ட அந்த நீருக்குப் பருவத்துக்கேற்பக் கெடுகாலம் உண்டு. கெடு தாண்டினால் அதில் மறுபடி உயிர் தோன்றிவிடும் என்பது அவர்கள் கொள்கை. குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் படிக்கும் எவருக்கும் இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. நோக்கம்தான் தலைகீழ். மருத்துவம் கண்ணைக் காக்க நீரிலுள்ள உயிரை அழிக்கிறது. துறவியோ, உயிருள்ளதை விழுங்கும் வன்முறையிலிருந்து தம்மைக் காத்துக்கொள்கிறார்.

இத்தனை ஒற்றுமையைப் பார்த்துவிட்டு, அறிவியலும் ஒரு சடங்குதானே என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். சடங்குகள் எல்லாம் மறைமுகச் சுகாதாரம்தான் என்று வேறு சிலர் மறுபக்கம் சாய்கிறார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு. இரண்டாவதை மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியான ‘தூய்மையும் ஆபத்தும்’ நூலில் மறுத்தார். தீட்டு விதிகள் நோயைத் தடுக்க வந்தவை அல்ல, ஒரு சமூகம் உலகை வகைபிரித்து வைத்திருக்கும் ஒழுங்கின் வேலிகள் என்பது அவர் வாதம். முதல் தீர்ப்பை மறுக்கத் தோல்விகளைப் பார்த்தாலே போதும். சடங்கில் பிழை நேர்ந்தால் அதைப் பரிகாரத்தால் சரிக்கட்டலாம். கிருமி நீக்கத்தில் பிழை நேர்ந்தால் அது யாரோ ஒருவரின் கண்ணில் வந்து நிற்கும். 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபட்ட சூடோமோனாஸ் பாக்டீரியத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்தது. நால்வர் இறந்தனர், பதினான்கு பேர் பார்வை இழந்தனர், நால்வருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. மருந்து தயாரானது தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில். அது பலமுறை திறந்து மூடும் குப்பி. ஆனால் கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. முத்திரை சொன்ன சாட்சியை உலகத்தால் சரிபார்த்துப் பொய் என்று காட்டமுடிந்தது. பொய்க்கக்கூடியதாக இருப்பதுதான் இந்த நம்பிக்கையின் தகுதி.

பாதுகாப்புப் பொருளிலும் ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது. பலமுறைக் குப்பிகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு கிருமியைக் கொல்வதோடு, கருவிழியின் மேற்தோலையும் நாளடைவில் அரிக்கிறது. நாள் முழுக்கச் சொட்டு மருந்து விடவேண்டியவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஒருமுறைக் குப்பிக்கு இது தேவையில்லை. நஞ்சு குறைகிறது, பிளாஸ்டிக் பெருகுகிறது.

தொடுகை பற்றிய விதியும் இரு உலகங்களிலும் உண்டு. குப்பியின் முனை இமையிலோ இமைமயிரிலோ படக்கூடாது என்று செவிலியர் சொல்லிக்கொடுக்கிறார். செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பழகிய வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. எச்சில் பட்டால் முழுச் செம்பும் எச்சில் என்ற எண்ணம் அங்கே ஊறிப்போன ஒன்று. இதே எண்ணம் எங்கே போய் முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை, அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னும் பல ஊர்களில் நீடித்தது. சில ஊர்களில் தனிக் குவளை மறைந்து, அவர்களுக்கு மட்டும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பை வந்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பார்வைக்குச் சுகாதாரம், உள்ளே பழைய தீட்டு.

மருத்துவமனையின் ஒருமுறைக் குப்பியும் அந்தக் கடையின் கோப்பையும் ஒரே பொருளால் ஆனவையாக இருக்கலாம். வேறுபாடு, விதி யாரைச் சுட்டுகிறது என்பதில் இருக்கிறது. எய்ட்ஸ் பரவிய 1980களில், எவர் உடலில் கிருமி உண்டென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்ற உண்மை மருத்துவமனைகளை உலுக்கியது. அதிலிருந்து பிறந்த ‘அனைவருக்கும் பொதுவான முன்னெச்சரிக்கை’ எவர் இரத்தமானாலும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளச் சொன்னது. அமைச்சருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே கையுறை, ஒரே குப்பி. மருத்துவரின் கையும் சந்தேகத்துக்கு உட்பட்டதுதான். தீட்டு ஓர் ஆளின் மேல் ஒட்டும், பிறப்போடு வரும், தலைமுறைக்குக் கடத்தப்படும். கிருமி பற்றிய விதிக்கு ஆள் முக்கியமில்லை. எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகிக்கும் விதி எவரையும் இழிவுபடுத்துவதில்லை. ஒருமுறைக் குப்பியின் அறநெறிப் பெருமை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும். அதே விதியை ஒரு சாராருக்கு மட்டும் கடைப்பிடிக்கும் கணத்தில் அது தீட்டாகிவிடுகிறது.

தூய்மை எப்போது இரண்டாம் இடத்துக்குப் போகவேண்டும் என்பது அடுத்த கேள்வி. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அமுக்கும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிக்கும் விபத்து இந்தியக் கண் மருத்துவர்களுக்குப் பழக்கமானது. காரம் நொடிக்கு நொடி கருவிழிக்குள் இறங்கும். அப்போது கிருமியற்ற குப்பியைத் தேடி மருந்துக் கடைக்கு ஓடுவது மூடத்தனம். கைக்கெட்டிய குழாய்த் தண்ணீரை வாரி அடிக்க வேண்டும். ஆய்வகக் கண் கழுவிகளுக்கான அமெரிக்கத் தரநிலை நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடம் நீர் பாயச் சொல்கிறது. 20 மில்லிலிட்டர் குப்பி அந்த ஓட்டத்தில் ஒரு நொடிக்குக்கூடக் காணாது. பிரிட்டனின் முதலுதவி வழிகாட்டுதலும், குழாய் நீர் எளிதில் கிடைக்காத இடத்தில்தான் குறைந்தது ஒரு லிட்டர் கிருமியற்ற நீரை அடைத்த கலன்களில் வைக்கச் சொல்கிறது. முத்திரை உடைந்த கலனை மறுபடிக்கு வைக்கக்கூடாது என்றும் சேர்க்கிறது. சமய மரபும் இந்த முன்னுரிமையை அறியும். கண்ணின் நரம்புகள் இதயத்தோடு பிணைந்தவை, ஆகவே கண்ணுக்கு ஆபத்தென்றால் ஓய்வுநாளிலும் மருந்திடலாம் என்று யூதர்களின் பாபிலோனிய தால்முத் அனுமதிக்கிறது. உடற்கூறு தவறு, தீர்ப்பு சரி.

மிஞ்சுவது குப்பை. உடைத்த மண்பாத்திரம் மண்ணோடு சேர்ந்துவிடும். பாலிஎத்திலீன் சேராது. ஒரு கண்ணுக்கு நேரக்கூடிய தீங்கின் வாய்ப்பைப் பத்து லட்சத்தில் ஒன்றாக்க, பெயர் தெரியாத பலரின் மண்ணிலும் காற்றிலும் சுமையை ஏற்றுவது முறையா? ஸ்ரீ அரவிந்தரைக் குருவாகக் கொண்ட மருத்துவர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்தக் கேள்விக்கு நடைமுறையில் ஒரு பதிலை வைத்திருக்கிறது. அங்கே பல கருவிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டு மறுபடி பயன்படுகின்றன, ஒரு குப்பி மருந்து பல நோயாளிகளுக்குப் பகிரப்படுகிறது. 2017இல் வெளியான ஆய்வு, அங்கு ஒரு கண்புரை அறுவைக்கு ஏறத்தாழ 250 கிராம் கழிவும் 6 கிலோ கார்பன் வெளியீடும் ஆவதாகக் கணக்கிட்டது. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆகும் வெளியீட்டில் இது இருபதில் ஒரு பங்கு. தொற்று விகிதமோ பணக்கார நாடுகளுக்குச் சளைத்ததல்ல. ஒருமுறைப் பொருளே பாதுகாப்பு என்ற சமன்பாட்டை இது அசைக்கிறது. எனினும் பகிர்ந்த குப்பி பாதுகாப்பாக இருப்பது அதைக் கையாளும் பயிற்சியும் ஒழுங்கும் இருக்கும் வரைதான். அவை இல்லாத சிற்றூர் மருந்தகத்தில், பயிற்சியின் இடத்தை நிரப்பப் பிய்த்தெறியும் காதைத் தவிர வேறொன்று இன்னும் அமையவில்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி, மருத்துவமனையில் தீர்ந்த பிளாஸ்டிக் குப்பி சிவப்புப் பையில் போகும். அங்கிருந்து கழிவு நிலையத்தில் நீராவியில் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குச் செல்லவேண்டும், குப்பைமேட்டில் புதைக்கக்கூடாது. கிருமியில்லாமல் வந்த குப்பிக்குக் கழிவான பிறகும் ஒரு கிருமி நீக்கம். வீட்டில் பிழிந்து எறியப்படும் குப்பிக்கு இந்த ஏற்பாடு இல்லை. அது காய்கறித் தோலோடும் பால் உறையோடும் குப்பை வண்டி ஏறுகிறது.