இரு சக்கரங்களுக்கும் சமமாக

அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாகுமா? குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் இக்கேள்விக்கு விடை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் நான். அதே கேள்வி மீண்டும் என்முன் வந்து நின்றபோது, பங்கு இல்லத்தின் பின்புறம், பழைய அம்பாசடர் காரின் பின் அச்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, முழங்கைவரை கரிய எண்ணெயோடு அமர்ந்திருந்தேன்.

அது 2020 ஏப்ரல். பொது முடக்கத்தால் ஆலயமும் பட்டறையும் ஒருசேரப் பூட்டிக் கிடந்தன. வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் காரின் பின்னாலிருந்து ‘கடகட’வென்று ஓசை எழத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுமோ என்ற அச்சத்தால் அதை ஓட்டுவதையே நிறுத்தியிருந்தேன். ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் சுற்றுச்சுவருக்கு அப்பால் நாற்காலி போட்டு அமர்ந்து வழி சொல்ல, பிரிக்கும் வேலையை நானே தொடங்கினேன். எண்ணெயை வடித்து, பிரேக் டிரம்களைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டுகளை இருபுறமும் உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்த பின்பே டிஃபரன்ஷியல் கைக்கு வரும். கைக்குழந்தையை ஏந்துவதுபோல் அதை ஏந்தப் போனவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

இக்கருவியின் வேலை விந்தையானது. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட நெடுந்தொலைவு ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால், ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். பிரான்சு நாட்டுக் கடிகாரக் கைவினைஞர் பெக்கர் என்பவர் 1820களின் இறுதியில் நீராவி வண்டிக்கென இதற்கு ஒரு வழி கண்டார். கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு கூண்டு. அதன் குறுக்கே ஓர் ஊசி. அந்த ஊசியில் இரு ஸ்டார் பினியன்கள். அவற்றின் இருமருங்கிலும் சக்கரங்களுக்குரிய பற்சக்கரங்கள். நேர்ச்சாலையில் இவை அனைத்தும் ஓருடலாய்ச் சுழல்கின்றன. வளைவிலோ, ஒரு சக்கரம் இழக்கும் வேகத்தை மற்றது பெற்றுக்கொள்கிறது. வேகம் வேறுபட்டாலும், இரண்டுக்கும் செல்லும் விசை ஏறத்தாழச் சமமே. வேற்றுமைக்கு இடங்கொடுத்து, பங்கில் சமத்துவம் காக்கும் இந்த ஏற்பாட்டை வியந்து, அதைக் கொண்டு ஒரு ஞாயிறு மறையுரையை மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

கூண்டைப் பிரித்ததும் மறையுரை நின்றது. ஸ்டார் பினியன்களின் பின்னால் இருக்க வேண்டிய செம்பு நிற வளையங்கள் காகிதம்போல் தேய்ந்திருந்தன. ஊசி வெப்பத்தால் நீலம் பாரித்து, வரிவரியாகக் கீறுண்டு கிடந்தது. சுவருக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பெரியவர் கேட்டார்: “ஒத்தச் சக்கரத்த ரொம்ப நேரம் சுத்தவிட்டீங்களா, சாமி?”

ஆம், விட்டிருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிச் சென்ற பின், உப்பளத்தை ஒட்டிய எங்கள் கிளைப்பங்கு ஒன்றுக்குத் தார்ப்பாய்களும் அரிசியும் ஏற்றிச் சென்ற வழியில், இடப்பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது வெறியோடு சுழன்றது. திடமான தரையில் நின்ற வலச்சக்கரம் அசையவில்லை. டிஃபரன்ஷியலின் சமத்துவம் இப்படிப்பட்டதுதான். சேறு எவ்வளவு சிறிய விசையை ஏற்குமோ, அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். இறுதியில் யாருக்கு உதவி கொண்டுபோனேனோ அவர்களே ஓடிவந்து, விழுந்து கிடந்த தென்னை மட்டைகளைச் சேற்றில் திணித்து, காரை வெளியேற்றினார்கள். அந்தச் சக்கரத்திற்குக் குறைந்திருந்தது விசையன்று, காலூன்றத் தரை.

பங்கு மன்றம் எடுத்த முடிவின்படி அன்று வீட்டுக்கொரு தார்ப்பாயும் பத்துக் கிலோ அரிசியும் கொடுத்தோம். முணுமுணுப்பு எழவில்லை, அதில் எனக்குப் பெருமைகூட. ஒரு வாரம் கழித்துச் சென்றபோது, மாடி வீட்டார் ஒருவர் தார்ப்பாயை வைக்கோற்போர்மேல் விரித்திருக்கக் கண்டேன். உப்பளத்தில் கூலிவேலை செய்யும் கைம்பெண் ஒருவர் அதை மடித்துத் தரையில் விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார். அவருடைய குடிசையில் கூரை மட்டுமன்று, அதைக் கட்டக் கம்பங்களும் எஞ்சவில்லை. “கட்டுறதுக்கு ஒண்ணுமில்ல சாமி” என்றார். வருத்தப்பட்டேன். ஆயினும், பட்டியலில் தவறில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொருளுக்கு விலை கொடுக்கும் பரிமாற்றத்தில் எண்ணளவில் சமம் வேண்டும்; பொதுவானதைப் பலருக்குப் பங்கிடுகையில் அவரவர் நிலைக்கேற்ற விகிதம் வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் வகுத்து, புனித தாமஸ் அக்குவினா விரித்துரைத்த பாகுபாடு. தேர்வில் இதைத்தான் எழுதினேன். பிறகு ஏன் சமப்பங்கை நாடினேன்? என் தரப்பில் ஒரு நியாயமும் உண்டு. நம் ஊர்களில் ‘தேவைக்கேற்ப’ என்பது வெகு விரைவில் ‘வேண்டியவர்க்கேற்ப’ என்று மாறிவிடும். சாதியும் உறவும் சாமியாரின் செல்வாக்கும் உள்ளே நுழையாதபடி சமப்பங்கு ஒரு வேலியாக நிற்கிறது. அதை ஏளனம் செய்ய நான் துணியேன். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அன்று என்னை இயக்கியது நீதிவேட்கையன்று. சச்சரவு வரக் கூடாது என்ற எண்ணம். பற்சக்கரத்துக்குக் கண் இல்லை. சேறு எது, தரை எது என அது அறியாது. எனக்குக் கண் இருந்தது.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்கமொழி பேசியோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுகிறது. திருத்தூதர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வகுக்கவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைபட்டோர் தரப்பைக் காணும் கண்களையே திருச்சபை அன்று நியமித்தது. இப்பகுதியை எத்தனையோ முறை வாசித்திருந்தும் பெயர்ப் பட்டியலைத் தாண்டித் தாண்டிச் சென்றிருக்கிறேன்.

கடைகள் திறந்த பின் புதிய ஊசியும் பினியன்களும் பேரிங்குகளும் வந்தன. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால் பாகங்களைத் தேடுவதே பெரும்பாடு. ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து, பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவே விழும்வரை மும்முறை பிரித்துப் பூட்டினேன். இரண்டாம் முறையே போதும் என்று தோன்றியது. “மூடிட்டா யாருக்குத் தெரியும்னு நினைக்காதீங்க, சத்தத்துல தெரிஞ்சுடும்” என்றது சுவருக்கு அப்பாலிருந்து வந்த குரல்.

அந்த முடக்க நாள்களிலேயே அரிசி பகிரும் பொறுப்பு மறுபடியும் வந்தது. இம்முறை மூன்று பெண்களை வீடுவீடாக அனுப்பினோம். உப்பளத்துக் கைம்பெண் அவர்களுள் ஒருவர். பட்டியல் வெளியான அன்று மாலையே இரு குடும்பத்தார் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்று உரக்கப் பேசினர். பங்கு மன்ற உறுப்பினர் ஒருவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “சாமி, கஜாவுக்கு இப்படிக் கொடுத்திருந்தா நானும் இவங்களோட வந்து நின்னுருப்பேன்.” வந்தவர்களுள் ஒருவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பட்டியலில் அவருடைய வீட்டுக்குரிய வரியை அடித்துத் திருத்தினோம். மற்றவர் இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.