பென்சிலைச் சின்னவள் கையில் கொடுங்கள்!

"நமக்கெல்லாம் கைவேலை வராது" என்று சொல்லிச் சொல்லியே பாதி வீடுகளில் பிள்ளைகளின் கையைக் கட்டிப்போட்டுவிட்டோம். யார் சொன்னது வராதென்று? செய்து பார்த்துவிட்டா சொல்கிறீர்கள்?

1926-ல் பிரான்சின் மோல்சைம் ஊரில் கார் தொழிற்சாலை நடத்திய எட்டோரே புகாட்டி தன் சின்ன மகன் ரோலாந்துக்காக ஒரு கார் செய்தார். கூடவே நின்று வேலை செய்தவர் மூத்த மகன் ழான். பதினேழு வயதுப் பையன். பந்தயங்களில் வெற்றி குவித்துக்கொண்டிருந்த டைப் 35 காரை அப்படியே பாதி அளவில் இறக்கினார்கள். எஞ்சினுக்குப் பதில் பேட்டரியில் ஓடும் மோட்டார். பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைக்கும் வேண்டுமென்று கேட்க, டைப் 52 என்ற பெயரில் ஏறத்தாழ 500 கார்கள் செய்து விற்றார்கள்.

"அவரிடம் தொழிற்சாலையே இருந்தது, நம்மிடம் என்ன இருக்கிறது?" என்கிறீர்களா? பிளைவுட், அட்டை, உப்புத்தாள், பட்டி, ஓர் அரம், ஒரு சின்ன ரம்பம், ஒரு காம்பஸ். டைப் 35-ன் மாதிரியைப் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்ய இவை தாராளம்! டைப் 35-ன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர். உங்கள் காருக்கு 24 சென்டிமீட்டர். அந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்பு மகளே போடட்டும். தப்பானால் சக்கரம் பாடியில் இடிக்கும்; அவளே கண்டுபிடிப்பாள். மதிப்பெண்ணைக் குறைக்க அங்கே ஆளில்லை.

சக்கரத்தில்தான் பொறுமைக்குச் சோதனை. டைப் 35-ன் சக்கரம் கம்பிச் சக்கரமல்ல. அலுமினியத்தில் வார்த்த எட்டுத் தட்டை ஆரங்கள். வட்டம் வரைந்து 45 டிகிரிக்கு ஒரு கோடு போட்டு, சின்ன ரம்பத்தால் இடைவெளிகளை அறுக்க வேண்டும். முதல் ஆரம் முறியும். முறியட்டும்! இன்னொரு துண்டை எடுங்கள். நான்காவது சக்கரம் முடியும்போது முதல் சக்கரம் கோணலாகத் தெரியும். "அப்பா, இதை மறுபடி செய்யலாம்" என்று பிள்ளையே சொல்வான். எந்த டியூஷனும் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைக்காது.

குதிரை லாட வடிவ ரேடியேட்டருக்குப் பழைய டீ வடிகட்டியின் வலை போதும், பாட்டி தருவார். பெயின்ட் நீலம், பிரான்சின் பந்தய நிறம்.

அப்பாக்களே, பிள்ளை கையிலிருந்து அரத்தைப் பிடுங்காதீர்கள்! மேடுபள்ளமாக இருந்தாலும் அவன் தேய்த்த பாகமே காரில் ஏறட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றிரவே சாப்பாட்டு மேசையைத் துடைத்துச் செய்தித்தாளை விரியுங்கள். முதல் கோட்டைச் சின்னவள் போடட்டும்.