குத்தகை நிலமும் மானின் உயிரும்

நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு, பட்டா உண்டு, குத்தகைச் சீட்டு உண்டு. அந்நிலத்தின்மேல் ஓடித் திரியும் காட்டுயிருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவ்வாறாயின், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் அங்கே மேய வரும் மானையும் சேர்த்தே எடுத்தவன் ஆவானா?

இக்கேள்வி வெறும் வாதத்துக்காக எழுப்பப்படுவதன்று. அமெரிக்காவில் வாழும் முஸ்லிம்களிடையே மான் வேட்டைக்குச் செல்வோர் உண்டு. டெக்ஸாஸ் மாநிலத்தில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்கு உரியது. நிலக்காரருக்குப் பணம் கொடுத்து, அவரது நிலத்தில் வேட்டையாடும் உரிமையைப் பருவக் குத்தகையாகப் பெறுவது அங்கே பெருவழக்கு. வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தாமல், தானே தடம் பார்த்து, தானே காத்திருந்து சுடுவதைச் சிலர் பெருமையாகவும் கருதுகின்றனர். அப்படி வேட்டையாடியவர் நம் குடும்பத்துப் பிள்ளையாக இருந்து, ‘இது ஆகுமா?’ என்று வினவினால், நாம் என்ன விடை கூறுவோம்?

அந்நாட்டில் ‘நியாய வேட்டை’ என்றொரு கொள்கை உண்டு. பின்னாளில் அமெரிக்காவின் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887ஆம் ஆண்டில் நிறுவிய பூன் அண்டு குரோக்கெட் சங்கம் அதனை வளர்த்தது. தன்னிச்சையாகத் திரியும் காட்டு விலங்கை, சட்டத்துக்கு உட்பட்டு, வேட்டைக்காரன் முறையற்ற மேலாதிக்கம் பெறாத வகையில் தேடிச் செல்வதே அதன் சாரம். தப்பிச் செல்ல முடியாத வேலிக்குள் அடைபட்ட மானைச் சுட்டுவிட்டு வெற்றி கொண்டாடுவதை அச்சங்கம் ஏற்பதில்லை. இரவில் வண்டியின் விளக்கொளியால் கண் கூசச் செய்து சுடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

எனினும், முதற்கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை காண நாம் டெக்ஸாஸ் வரை போக வேண்டுவதில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலத்துக்குத் திரும்பும் கூட்டேரிப்பட்டைச் சூழ்ந்த வயல்களையே எண்ணிப் பாருங்கள். நெல்லும் நிலக்கடலையும் விளையும் இப்பகுதியில் ஒருவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தால் எதைப் பெறுகிறார்? உழுது விதைத்து அறுக்கும் உரிமையைப் பெறுகிறார். வரப்பில் நிற்கும் புளியமரத்தின் பலன் யாருக்கு என்பதைக்கூடத் தனியே பேசி முடித்தால்தான் பின்னர் வழக்கு வராது. அசையாமல் நிற்கும் புளியமரமே பேசாமல் குத்தகையில் சேராதபோது, நேற்று வேறொரு கொல்லையில் மேய்ந்து இன்று இங்கு வந்த மான் எவ்வாறு சேரும்?

நம் சட்ட நூல்கள் இதனைத் தெளிவாகவே கூறுகின்றன. காட்டு விலங்கு பிடிபடும்வரை எவருடைய உடைமையும் அன்று. நிலக்காரர் என்பதாலேயே அதற்கு ஒருவர் சொந்தக்காரர் ஆவதில்லை. அமெரிக்கச் சட்டமும் நிலத்தை ஒருவருக்கு உரியதாக்கி, அதன்மீது திரியும் மானைப் பொதுமக்களுக்கு உரியதாகவே வைத்திருக்கிறது. ஆகவே, குத்தகைப் பணம் வாங்கித் தருவது நுழையும் உரிமையை மட்டுமே. உயிருக்கு விலை அதில் இல்லை.

நம் நாட்டிலோ அக்கதவும் அடைபட்டுவிட்டது. நீலகிரியில் காட்டு விலங்குகள் அருகி வருவதைக் கண்டு, வேட்டையாடுவோரே 1877ஆம் ஆண்டில் சங்கம் அமைத்தனர். 1879ஆம் ஆண்டில் வேட்டைக்குப் பருவம் வகுக்கும் சட்டம் பிறந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட ஓரளவு இடமளித்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் அதையும் நீக்கியது. பட்டா நிலமாயினும் குத்தகை நிலமாயினும், இங்கே மானை வேட்டையாடுவது குற்றம். ஆகுமானதாக இருந்த ஒன்றைப் பொதுநலன் கருதி ஆட்சி தடுக்கும்போது அதற்குக் கட்டுப்படுவது முஸ்லிமின் கடமை. அண்ணல் நபி (ஸல்) அவர்களே மதீனாவின் எல்லைக்குள் வேட்டையைத் தடை செய்தார்கள் அன்றோ!

சட்டம் இடம் தரும் நாட்டில் என்ன செய்வது? மார்க்கம் வேட்டையை முற்றாக விலக்கவில்லை. இறைவனின் பெயர் கூறி எய்ய வேண்டும். உயிரோடு கைக்குக் கிடைத்தால் முறைப்படி அறுக்க வேண்டும். காயம்பட்டு ஓடியதைத் தேடிச் செல்ல வேண்டும். நீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ணலாகாது. துப்பாக்கிக் குண்டினாலேயே இறந்துவிட்டதைப் பற்றி மத்ஹபுகளின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே, தாம் பின்பற்றும் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டும். இவையெல்லாம் இறைச்சி ஹலால் ஆவதற்குரிய விதிகள். ஆனால், உயிருள்ள எதனையும் குறி பார்த்துப் பழகும் இலக்காக்காதீர்கள் என்றும் பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். பயனின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. இறைச்சி ஹலாலா என்பது ஒரு கேள்வி; கொன்றவனின் நோக்கம் தூயதா என்பது வேறொரு கேள்வி.

நியாய வேட்டையின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அதன் விதிகளை வகுத்தவன் வேட்டைக்காரன்; அவற்றால் பெருமை பெறுபவனும் அவனே. ஆட்டத்தில் சேர ஒப்புக்கொள்ளாத மானுக்கு, தான் நியாயமாகக் கொல்லப்படுகிறோம் என்பதால் வலி குறைவதில்லை. ஓநாய்கள் அழிந்துபோன நிலப்பரப்பில் மான் பெருகிப் பயிரையும் காட்டையும் தின்கிறது. ஆகவே குறைக்க வேண்டியிருக்கிறது என்பர். அது மெய்யான தேவை. உணவும் மெய்யான தேவை. ஆனால் தேவைக்காகக் கொல்பவன் விரைவையும் வலிக்குறைவையும் தேடுவான். எதிர்நின்று வென்ற மகிழ்ச்சியைத் தேடமாட்டான்.

திருமறை இதற்கு முற்றிலும் வேறொரு அளவுகோலைத் தருகிறது. ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் 94ஆம் வசனம், இஹ்ராம் பூண்டிருந்தோருக்கு வந்த சோதனையைச் சொல்கிறது. வேட்டைப் பிராணிகள் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வந்து நின்றன. மறைவில் இறைவனை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அச்சோதனை என்பது அவ்வசனத்தின் கருத்து. ஹுதைபிய்யாப் பயணத்தின்போது நேர்ந்தது இது என விரிவுரையாளர் உரைப்பர். வேட்டையை அரிதாக்கி மனிதனின் திறமையை இறைவன் அளக்கவில்லை. எளிதாக்கி அவனது அடக்கத்தை அளந்தான். வழிகாட்டியின்றித் தனியே காட்டில் நிற்பவனுக்கும் இதுவே சோதனை. அவன் சுட்டதையும் சுடாமல் விட்டதையும் காண அங்கே மனிதர் எவரும் இல்லை.

மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தம் ஐம்பதாம் வயதுவரை தாமே கொன்ற உயிர்களைக் கணக்கிட்டு 17,167 எனத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்தார். அவரே, தாம் வளர்த்த மான் ஒன்று இறந்ததும் அதற்கு நினைவுச் சின்னம் எழுப்பி, அவ்விடத்தில் எவரும் மானை வேட்டையாடலாகாது என்று ஆணையிட்டார். லாகூரை அடுத்த ஷேகுபுராவில் ஹிரன் மினார் இன்றும் நிற்கிறது. முகம் தெரிந்த ஒரு மானுக்காக உருகிய நெஞ்சம், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவற்றுக்காக உருகவில்லை. பின்னர் பேரன் நோயுற்றபோது, இனி எவ்வுயிரையும் தம் கையால் வருத்துவதில்லை என அவர் இறைவனிடம் நேர்ந்துகொண்டார். தன் வீட்டுக் குழந்தை துடித்தபோதுதான் பிற உயிரின் துடிப்பும் அவருக்குப் புலப்பட்டது போலும்!

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இப்பாடம் புதிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ உண்டு. வேடனிடம் சிக்கிய பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி வர விடுதலை வேண்டுகிறது; நபிகள் நாயகம் (ஸல்) அதற்காகத் தாமே பிணை நிற்கிறார்கள்; சொன்ன சொல் தவறாது மான் திரும்பி வருகிறது; வேடனின் நெஞ்சம் மாறுகிறது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்கள் குறை கூறியுள்ளனர். ஆயினும் நம் முன்னோர் மனத்தில் அக்காட்சி ஊன்றி நின்றது. தமிழில் ‘பிணை’ என்பது பெண்மானையும் குறிக்கும். ஒருவருக்காகப் பொறுப்பேற்பதையும் குறிக்கும்.

ஆகவே, கேட்கும் பிள்ளைக்கு நாம் இவ்வாறு கூறலாம்: சட்டம் அனுமதித்து, உண்பதற்கென்றே, இறைவனின் பெயரால், வருத்தம் குறைத்துக் கொன்றால் உன்மீது குற்றமில்லை. சுவரில் கொம்பு மாட்டவும் நண்பரிடம் பெருமை பேசவும் என்றால், எத்தனை விதிகளைக் கடைப்பிடித்தாலும் அது நியாயமாகாது. உள்ளூரில் இருப்போருக்கும் ஒரு சொல்: இருட்டில் மறைத்துக் கொண்டுவரப்படும் மான்கறியை விலைக்கு வாங்குவோரும் அவ்வேட்டையில் பங்காளிகளே. நிலம் நம்மிடம் சில ஆண்டுக் குத்தகையில் இருக்கிறது. நம் உயிரும் தவணைக்கு உட்பட்டதே. தவணை முடிந்து கணக்குக் கேட்கப்படும் நாளில், வாயற்ற அவ்வுயிர்களுக்கும் வாய் திறக்கும் என்பதை மறவாதிருப்போமாக!