தொங்குகிறவளின் கவனம்

வீட்டில் போல் டான்ஸ் பழக நினைக்கும் சென்னைவாசிக்கு முதல் எதிரி கலாச்சாரமும் இல்லை, அக்கம்பக்கமும் இல்லை. மின்விசிறிதான். கம்பம் நிற்க வேண்டியது அறையின் நடுவில். அந்த இடத்தைச் சீலிங் ஃபேன் எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டது. காலை நீட்டிச் சுழல, கம்பத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டராவது வேண்டும். அந்த வட்டத்துக்குள் கட்டில் முனை வரக்கூடாது, பீரோ வரக்கூடாது, தலைக்குமேல் சுழலும் இறக்கை வரவே கூடாது. ஃபேனைக் கழற்றினால் வியர்க்கும். வியர்த்தால் கை வழுக்கும். ஏசியைப் போட்டால் உலோகம் குளிர்ந்து, அப்போதும் வழுக்கும். இந்த இழுபறியில் பாதிப் பேர் ஆசையைக் கைவிட்டுவிடுவார்கள்.

கைவிடாதவர்களுக்கு நம் வீடுகளில் ஒரு வசதியும் உண்டு. வீட்டுக் கம்பங்களில் பெரும்பாலானவை துளை போடாமல் நிற்பவை. தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைக்கு முட்டுக் கொடுக்கும் ஜாக்கியைப் போல, தரைக்கும் கூரைக்கும் நடுவே திருகி இறுக்கப்பட்ட அழுத்தத்திலேயே நிற்கும். மேல்நாட்டு வீடுகளில் பிளாஸ்டர் பலகைக்கு மேலே மர உத்தரம் எங்கே ஓடுகிறது என்று தட்டித் தட்டித் தேட வேண்டும். நமக்குத் தலைக்குமேல் கான்கிரீட். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் மட்டும் அந்த அறையை மறந்துவிட வேண்டும். ரசமட்டம் பிடித்துச் செங்குத்து பார்க்காமல் ஏறினால் அழுத்தம் ஒருபக்கமாகி, ஒருநாள் கம்பமும் ஆளும் சேர்ந்து சாய்வார்கள். இன்று பரவலாக விற்பது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பம். குரோம் பூச்சு எல்லாருக்கும் பொது. பித்தளை கூடுதலாகப் பிடிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குவார்கள். பல கம்பங்களில் ஒரு திருகைத் தளர்த்தினால் போதும், கம்பமே நம்மோடு சேர்ந்து சுழலும். அதில் கைகாலை உள்ளே இழுத்தால் வேகம் கூடும், விரித்தால் குறையும். பள்ளியில் கோண உந்தம் என்று மனப்பாடம் செய்த பாடத்தை முதல்முறையாக வயிற்றுக் குமட்டலோடு புரிந்துகொள்ளும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

உடைப் பேச்சு வரும் இடம் இது. இந்த ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு குட்டையான உடை என்று கேட்பவர்கள், பதிலைத் தாங்களே வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். உண்மையான பதில் உராய்வு. துணி உலோகத்தில் வழுக்கும். தோல் பற்றும். அதிலும் தோல் பிடிவாதக்காரப் பொருள்: முற்றிலும் காய்ந்திருந்தால் நழுவும், லேசான ஈரத்தில் ஒட்டும், வியர்வை வழிந்தால் மறுபடி நழுவும். காலையில் பூசிய மாய்ஸ்சரைசர் மாலைவரை பழிவாங்கும். ஆகவே ஆடும் நாளில் காலுக்கு எதுவும் தடவுவதில்லை. கம்பத்தைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டே இருப்பார்கள். கை மட்டும் பிடித்திருந்தால் சில நொடிகளில் தோள் சோர்ந்துவிடும். உடல் எடையைத் தாங்க உள்தொடை, முட்டியின் பின்மடிப்பு, முழங்கை மடிப்பு, அக்குள், இடுப்பின் பக்கவாட்டுச் சதை எல்லாம் முறை வைத்து வேலைக்கு வர வேண்டும். எங்கெல்லாம் மூடிக்கொள் என்று சிறுவயதிலிருந்து சொல்லித்தந்தார்களோ, கிட்டத்தட்ட அதே பட்டியல்.

விழுப்புரம் பக்கம் மல்லர் கம்பம் பழகும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மராட்டியத்தில் வளர்ந்த அந்தக் கலை தமிழ்நாட்டில் வேர்விட்ட ஊர்களில் விழுப்புரம் முக்கியமானது. அங்கே கம்பம் மரம், பிடிப்பு அளவோடு இருக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். ஆடுகிற பையன் இடுப்பில் சிறு துணியோடு ஏறுகிறான். அவன் தொடை ஏன் வெளியே தெரிகிறது என்று எவரும் கேட்டதில்லை. தோல் பிடிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தானாகவே புரிகிறது. உலோகக் கம்பத்தில் ஒரு பெண் ஏறும்போது மட்டும் அதே இயற்பியல் மறந்துபோகிறது.

பழகத் தொடங்கிய முதல் வாரங்களில் இந்த ஆட்டத்தில் அழகு என்று எதுவும் கண்ணில் படாது. போல் சிட் என்பார்கள்: இரு தொடைகளுக்கு நடுவே கம்பத்தை இறுக்கி, கையை விட்டு உட்காருவது. பார்க்க நாற்காலியில் அமர்வதுபோல் இருக்கும். உட்காருகிறவளுக்கு உள்தொடைத் தோலை யாரோ கிடுக்கியால் திருகுவதுபோல் இருக்கும். விசித்திரம் என்னவென்றால், வலிக்குப் பயந்து பிடியைத் தளர்த்தினால் தோல் இழுபட்டு இன்னும் வலிக்கும். இறுக்கினால்தான் வலி ஓரிடத்தில் நின்று அடங்கும். மறுநாள் அந்த இடம் கன்றிப்போய் நீலமாகியிருக்கும். ஆங்கிலம் பேசுகிற ஊர்களில் இதற்குக் கம்பம் தந்த முத்தம் என்று செல்லப்பெயர். கொஞ்ச காலத்தில் தோல் பழகிவிடும். முன்பு கண்ணீர் வந்த இடத்தில் இப்போது வேலை மட்டும் நடக்கும்.

தனியாகப் பழகுவதில் ஆபத்து உண்டு, அதை மெழுகிப் பேசுவதில் பயனில்லை. பயிற்சிக்கூடத்தில் தலைகீழாகும்போது தோளைத் தாங்க ஒருவர் பக்கத்தில் நிற்பார். வீட்டில் மெத்தை மட்டும்தான், அதுவும் நாமே வாங்கிப் போட்டிருந்தால். ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரே பிடியாகச் சொல்வது: எதில் ஏறினாலும் அதிலிருந்து இறங்கத் தெரிந்த பிறகே ஏறு. காலை உதறித் துள்ளித் தலைகீழாகாதே, வயிற்றுத் தசையின் பலத்தில் மெதுவாக உயர முடியாதவருக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். வலப்பக்கம் கற்றதை இடப்பக்கமும் கற்றுக்கொள். கடைசியாகச் சொன்னதை எல்லாரும் ஏமாற்றுவார்கள். நன்றாக வருகிற பக்கத்தில் ஆடுவதுபோல் சுகம் வேறில்லை. அதன் கணக்கைப் பின்னாளில் ஒரு தோளும் முதுகும் கட்டும்.

வீட்டின் தனிமையும் முழுத் தனிமையில்லை. எதிரே புத்தக அலமாரியில் சாய்த்து வைத்த கைபேசி இருக்கும். ஆசிரியர் இல்லாத அறையில் நம் தவற்றைக் காட்ட அது ஒன்றுதான் உண்டு. பிறகு அந்தக் காணொளியில் ஒன்று நன்றாக அமைந்துவிட்டால் வெளியே போடத் தோன்றும். போட்டவர்கள் 2019-இல் ஒரு பாடம் கற்றார்கள். போல் டான்ஸ் தொடர்பான ஹேஷ்டேக்குகள் பலவற்றை இன்ஸ்டகிராம் ஓசையில்லாமல் மறைத்துவிட்டது. ஆடுகிறவர்கள் திரண்டு கேட்ட பிறகு வருத்தம் தெரிவித்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஆடினாலும், வெளியே இந்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பெயரை அழிக்க இந்தக் கலையின் புதிய தலைமுறை படாத பாடு படுகிறது. பெண்கள் உடை களைந்து ஆடும் வட அமெரிக்க கிளப்புகளில்தான் இன்றைய வடிவம் உருவானது. கனடாவின் ஃபானியா மோண்டே கிளப்பில் ஆடியவர். 1990-களில் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லவும், வீட்டிலிருந்தே கற்கப் பாடக் காணொளி வெளியிடவும் தொடங்கினார். இன்று அறைக்குள் கைபேசியைப் பார்த்துப் பழகுகிறவர்கள் அவர் போட்ட தடத்தில்தான் நடக்கிறார்கள். நடிகை ஷீலா கெல்லி ஒரு படத்தில் கிளப் நடனக்காரியாக நடிக்கப் பழகி, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கென ஒரு பயிற்சிக்கூடமே தொடங்கினார். 2009-இல் இந்த ஆட்டத்துக்கென ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு வந்தது. 2017-இல் உலக விளையாட்டுச் சங்கங்களின் பொது அமைப்பு அதற்குப் பார்வையாளர் தகுதி தந்தது. ஒலிம்பிக் என்ற சொல் செய்திகளில் அடிபட்டது. அப்போதெல்லாம் பயிற்சிக்கூடங்களில் பழகியவர்கள் தங்கள் படங்களோடு, நான் அந்த மாதிரி ஆட்டக்காரி இல்லை என்று ஒரு ஹேஷ்டேக்கும் சேர்த்துக்கொண்டார்கள். ஆமாம், நான் அந்த மாதிரிதான் என்று கிளப் பெண்கள் பதில் ஹேஷ்டேக் போட்டார்கள். எங்களிடமிருந்து எடுத்ததைக் கொண்டு எங்களையே ஏன் கழுவுகிறீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கழுவலைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிரைப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-இல் அடையாறில் மேடையேறினார். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த இடைவெளியில் ஒரு கலை கௌரவம் பெற்றது, அதைச் சுமந்து வந்த பெண்களில் பலர் மேடையிலிருந்தே மறைந்தார்கள். சிருங்காரத்தை அழுக்கு என்று துடைக்க வேண்டாம், அதுதான் இதன் உயிர் என்று கடைசிவரை நின்றவர் அந்த மரபிலிருந்தே வந்த பாலசரஸ்வதி. இரண்டு வரலாறும் ஒன்றல்ல. கோயிலையும் கிளப்பையும் ஒரே தட்டில் வைத்தால் இரு பக்கமும் அடி விழும். ஆனால் கலையை வைத்துக்கொண்டு கலைக்காரியை வெளியே நிறுத்தும் கை ஒரே கைதான். போல் டான்ஸுக்கு மல்லர் கம்பத்தையும் சீனக் கம்ப வித்தையையும் மூதாதையராக்கும் கட்டுரைகளில் நான் அந்தக் கையைப் பார்க்கிறேன். உறவு தொழில்நுட்பத்தில் உண்டு. வம்சாவளியாக அதைத் தேடுவது பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும் தாயைப் பார்க்காமலிருக்கத்தான்.

வீட்டில் பழகுவதன் பெருமையாக எல்லாரும் சொல்வது, அங்கே பார்க்கிற கண் இல்லை என்பது. பார்வை போனதும் ஆட்டம் தூய்மையாகிவிட்டது, உடல் நமக்கே சொந்தமாகிவிட்டது என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைகீழாக, வெளிக்காலின் முட்டி மடிப்பில் மட்டும் தொங்கும் சில நொடிகளில் மனம் என்ன செய்கிறது என்று பார்த்தால் கதை வேறு. குதிகால் பின்தொடையை நோக்கி இழுபட்டிருக்கிறதா? இடுப்பின் பக்கம் கம்பத்தில் அழுந்துகிறதா? மடிப்பில் வியர்வை சேர்கிறதா? கையை விடலாமா, இன்னும் ஒரு மூச்சு போகட்டுமா? எப்படித் தெரிகிறேன் என்ற கேள்விக்கு அந்த மனத்தில் இடமே இல்லை. பார்க்கிறவர் இல்லாததால் அந்தக் கேள்வி போகவில்லை. வேலை இருப்பதால் போகிறது. ஆயிரம் பேர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் முட்டி மடிப்பு அதே கணக்கைத்தான் போட்டிருக்கும்.

அப்படியானால் கிளப்பில், சிவப்பு வெளிச்சத்தில், எட்டு அங்குல ஹீல்ஸோடு தொங்கியவளும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். மேடையோரம் காசோடு உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தொடையைப் பார்த்தான். அவள் அந்த நேரத்தில் தொடையில் பிடி நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கவர்வதும் அவள் வேலைதான், அதையும் திறமையாகவே செய்தாள். அந்த முகபாவமும் கழுத்துச் சாய்வும் அவள் பயின்றவை. மேடையேறுவதற்கு கிளப்புக்கே அவள் கட்டணம் கட்ட வேண்டியிருந்திருக்கும், கால் வலித்திருக்கும், வீட்டில் குழந்தை காத்திருந்திருக்கும். அதையெல்லாம் விடுதலை என்று பூசி மெழுக எனக்கு மனமில்லை. ஆனால் அவள் பார்வைக்குள் அடங்கிக் கிடந்தாள் என்று இதுவரை நாம் நினைத்தது பொய். பார்த்தவன் பார்த்தது ஒன்று, அவள் செய்துகொண்டிருந்தது வேறொன்று. பணம் கொடுத்தும் அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளை இழிவாகப் பேசியவர்களும் பார்க்கவில்லை, நான் அவளில்லை என்று ஹேஷ்டேக் போட்டவர்களும் பார்க்கவில்லை. வீட்டில் கதவைச் சாத்திப் பழகும்போது நாம் அவளிடமிருந்து விலகவில்லை. அவள் எங்கே இருந்தாளோ, முதல்முறையாக அங்கே போய்ச் சேர்கிறோம்.

ஜெனிஃபர் லோபஸ் ‘ஹஸ்லர்ஸ்’ படத்துக்காகப் போல் பழகி, 2020 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டமான சூப்பர் பௌலின் மேடையில், ஐம்பது வயதில், கம்பத்தில் ஏறியபோது, குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியில் இதெல்லாமா என்று அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு கம்பத்தில் ஐந்து நொடி தொங்கிப் பார்த்திருப்பார்கள்? தொங்கியிருந்தால் புகாரின் வாசகமாவது மாறியிருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கம்பத்தைப் பார்த்து இது எதற்கு என்று கேட்பார்கள். உடற்பயிற்சிக்கு என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். அது பொய்யும் இல்லை. வயிறும் தோளும் இதற்கு இணையாக வேறெதிலும் உழைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் நான் ஆடத்தான் என்கிறேன். சினிமாவில் கிளப்பில் ஆடுவார்களே, அதுவா என்றால், அதேதான், அவர்களிடமிருந்து வந்ததுதான் என்கிறேன். ஒரு நொடி முகம் கோணும். பிறகு பேச்சு விலைக்குத் தாவிவிடும்: எவ்வளவு ஆச்சு, இங்கே கிடைக்கிறதா, வரவழைக்கணுமா, இந்தத் தளம் தாங்குமா?