உறுதியும் ஊரும்

நாங்கள் வேலை செய்யும் ரெஸ்ரோரண்ட் திங்கட்கிழமைகளில் பூட்டு. சென்ற மாரிகாலத்தில் அப்படியொரு திங்கட்கிழமை, எங்களோடு குசினியில் நிற்கும் நண்பர் வீடு தேடி வந்தார். ஹொல்ஸ்டெப்ரோவின் ஓரத்தில் சிறு வீடொன்று வாங்கும் எண்ணம் அவருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டுப் படிப்பை இடையில் விட்டவர்கள் நாங்கள். இப்போது கோப்பை கழுவினாலும், கடதாசி அலுவல் என்றால் எங்களிடம் வருவது இங்குள்ள சிலரின் வழக்கம்.

விலாசத்தைக் கணினியில் தட்டினோம். வீடு கட்டிய ஆண்டு, கூரை என்ன ஓடு, சூடேற்றுவது எதனால், எத்தனை அறை, உடைமையாளர் யார், நிலத்துக்கு அரசு கணித்த பெறுமதி என்ன, வரி எவ்வளவு எல்லாம் வந்து விழுந்தன. நண்பர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்.

"மச்சான், இதை ஆரும் பார்க்கலாமோ?"

"ஆரும் பார்க்கலாம்."

"அப்ப நான் வாங்கினால் என்ரையையும் பார்ப்பினமோ?"

அவருடைய பயம் எங்களுக்கும் விளங்கியது. எங்கள் வீடுகளில் காணி உறுதி எங்கே இருந்தது? அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில், றங்குப்பெட்டியில். சொந்தச் சகோதரிகளின் கணவன்மாருக்குக்கூட அதைக் காட்டமாட்டார்கள். இடப்பெயர்வுகளில் சட்டி பானையை விட்டு ஓடினோம், உறுதியை விடவில்லை. மறைத்து வைப்பதால்தான் உடைமை பத்திரமாக இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். இந்த நாடோ உடைமையை நாலுபேர் அறிய வைப்பதே அதற்குப் பாதுகாப்பு என்கிறது. இதில் எது சரி?

நண்பருக்கு வரியை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இங்கே வீட்டுக்காரர் இரண்டு வரி கட்டுகிறார். ஒன்று வீடும் நிலமும் சேர்ந்த பெறுமதிக்கு. அது அரசுக்குப் போவது. 2024 இல் வந்த ஒழுங்கின்படி, கணித்த பெறுமதியில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, சாதாரண வீடென்றால் மிகுதியில் ஆயிரத்துக்கு 5.1 குரோணர். மற்றது நிலத்துக்கு மட்டும். வீடு மாளிகையானாலும் குடிசையானாலும் அதில் மாற்றமில்லை. குருண்ட்ஸ்கூல் என்று பெயர். அது கொம்யூனுக்குச் சேருவது. 2024 க்கு முன்னர் கொம்யூனே பில் அனுப்பியது. இப்போது வரித் திணைக்களம் வருமான வரியோடு சேர்த்து அறவிடுகிறது.

"நிலத்துக்கு மட்டும் ஏன் தனியாக?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வீட்டை ஒருவர் தன் உழைப்பால் கட்டலாம். ஆனால் நிலத்தின் விலையை அவர் உண்டாக்குவதில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்ததாலும், றோட்டுப் போட்டதாலும், அயலில் மனிதர்கள் குடியிருப்பதாலும் வந்த விலை அது. ஊர் உண்டாக்கிய பெறுமதியில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்பிக் கொடு என்பதே அந்த வரியின் நியாயம். ஹென்றி ஜோர்ஜ் என்ற அமெரிக்கர் 1879 இல் எழுதிய 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலில் இதை வாதிட்டார். அவருடைய கருத்து டென்மார்க்கின் சிறு விவசாயிகளிடம் பரவி, 1902 இல் கேயெ நகரில் கூடிய அவர்கள் தங்கள் நிலத்துக்கே வரி கேட்டார்கள் என்பது வியப்பான செய்தி.

அதற்கு முன்னரும் இங்கே நிலவரி இருந்தது. 1688 இலும் 1844 இலும் நாடு முழுவதும் நிலத்தை ஏடுகளில் பதிந்தார்கள். பரப்பளவை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. எவ்வளவு தானியம் விளையும் என்று மண்ணை மதித்து, தானிய அளவிலேயே நிலத்தை எழுதினார்கள். இதைப் படித்தபோது எங்கள் பழைய உறுதிகள் நினைவுக்கு வந்தன. இத்தனை லாச்சம் வரகு விதைக்கும் நிலம், இத்தனை லாச்சம் நெல் விதைக்கும் நிலம் என்றுதானே அவையும் பேசின.

நிலப்பதிவுக்கு டெனிஷ் மொழியில் திங்லிஸ்னிங் என்று பெயர். 'திங்' என்பது பழைய ஊர்மன்று. மன்றில் எல்லோர் காதிலும் விழ உரத்து அறிவிப்பது என்பதே சொல்லின் பொருள். இன்றைய முறைக்கு அடிப்படை 1926 ஆம் ஆண்டுச் சட்டம். 2009 முதல் எல்லாம் கணினியில், ஹோப்ரோ நகரிலுள்ள ஒரே நீதிமன்றத்தின் கீழ் நடக்கிறது. திறந்த ஏடு என்பதால் பிழையில்லாத ஏடு என்று அர்த்தமில்லை. 2023 இல் வெளிவந்த தற்காலிக மதிப்பீடுகளைப் பார்த்து நாடே கோபப்பட்டது. ஆனால் தன் நிலத்தின் பெறுமதியைப் பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டு, இது பிழை என்று எவரும் சொல்ல முடிந்தது.

நம்மிடமும் இந்த ஊரறிதல் இருந்தது. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமையின்படி, காணி விற்பவர் பங்காளருக்கும் உரித்தாளருக்கும், ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பங்காளர், உரித்தாளர் என்று சுருக்கியது. இன்றும் ஓர் உறுதியைப் பிரித்துப் பாருங்கள். கிழக்கு இன்னாருடைய காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாருடைய காணி. அயலவனின் பெயரைச் சொல்லாமல் என் காணி எது என்று சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட கடதாசியைத்தான் அயலவனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தோம்.

இனி எங்கள் சொந்தக் கதை. வலிகாமம் வடக்கில் ஐயாவின் பெயரில் ஒரு வளவு இருக்கிறது. 1990 இல் அங்கிருந்து எழும்பியபோது எங்களுக்கு மூன்று வயது. வேலியோ கிணறோ நினைவில் இல்லை. உறுதியில் எழுதியிருப்பதுதான் எங்களுக்கு அந்த ஊர். பல வருடம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து, பிறகு விடப்பட்டது. இப்போது அங்கே ஒரு குடும்பம் கொட்டில் போட்டு இருக்கிறது. அவர்களுடைய காணி இன்னும் விடப்படவில்லை. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, பிரதேச சபைக்குச் சோலைவரியும் கட்டுகிறார்கள்.

பெரியப்பா கொழும்பிலிருந்து தொலைபேசியில் கத்தினார். "சோலைவரி கட்டுறான் எண்டால் விளங்கேல்லையே? பற்றுச்சீட்டைச் சேர்த்து வைச்சுப் பத்து வருசத்தில கோட்டுக்குப் போவான். கெதியா அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புங்கோ, எழுப்புவம்."

அவர் சொன்னதில் சட்டம் இருக்கிறது. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உடைமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் இடையறாது ஆண்டவர் உரிமை கோரலாம். சோலைவரிப் பற்றுச்சீட்டு அதற்கு ஒரு சாட்சி. இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016 இல் வந்த சட்டம் போர்க்கால வருடங்களைக் கழித்துவிட்டது. 2009 க்குப் பின்னான வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பயப்பட வேறு காரணங்களும் உண்டு. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கு மேல் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி என்றது. ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. வெளிநாட்டில் இருப்பவர் மூன்று மாதத்தில் எந்தப் பெட்டியைத் திறந்து எதை எடுப்பார்? ஆகவே கடதாசி வெறும் கடதாசி என்று தத்துவம் பேச எங்களுக்குத் துணிவில்லை. ஆமிக்கு முன்னால் எங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

ஆனால் ஆமிக்கு எதிராகத் தூக்கிய கடதாசியை, எங்களைப்போலவே எழுப்பப்பட்ட ஒரு குடும்பத்துக்கு எதிராகவும் தூக்கலாமா?

வேலைக்குப் போகும்போது பழைய நகரமண்டபத்துக்கு முன்னால் ஜியாக்கொமெத்தியின் வெண்கலப் பெண் நிற்கிறாள். 1966 இல் கொம்யூன் பொதுப்பணத்தில் வாங்கியது. ஒல்லிக்குச்சிப் பெண்ணுக்கு இவ்வளவு காசா என்று அன்று ஊர் கொதித்ததாம். இன்று 'வண்டியில் மாரென்' என்று தங்கள் வீட்டுப் பெண்ணைப்போலப் பேசுகிறார்கள். வரி கட்டியவர்களுக்குச் சண்டை பிடிக்கவும் உரிமை இருந்தது, பிறகு அவளைத் தங்களுடையவள் என்று சொல்லவும் உரிமை வந்தது. எங்கள் வளவு இருக்கும் ஊருக்கு முப்பத்தைந்து வருடமாக நாங்கள் ஒரு சதம் கட்டவில்லை. ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் கேட்க நாங்கள் அங்கில்லை. அந்தக் குடும்பம் கட்டியது எங்கள் கடன். அந்தப் பற்றுச்சீட்டைக் களவென்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அற்றோணித் தத்துவம் அனுப்பவில்லை. கடிதம் எழுதினோம். உங்கள் காணி விடப்படும்வரை எங்கள் வளவில் இருங்கள், கட்டிய வரியை அனுப்புகிறோம், இனி வருவதையும் நாங்களே தருகிறோம் என்று. எழுதி முடித்தபின்தான் ஒன்று உறைத்தது. உடைமையாளரின் அனுமதியோடு இருப்பவர் ஆட்சியுரிமை கோர முடியாது. எங்கள் அன்பான கடிதமே நல்ல சட்டக் கடிதமாகவும் இருந்தது. பெரியப்பாவுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. கருணையும் கெட்டித்தனமும் ஒரே தாளில் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று இன்னும் யோசிக்கிறோம். அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டு அம்மா தொலைபேசியில் பேசினா. நன்றி சொன்னா, கிணற்றுத் தண்ணி நல்லது என்றா. பிறகு தயங்கிக் கேட்டா:

"தம்பி, வாற தை மாதம் முழுசாக் கட்டினால் பத்து வீதம் கழிவு. பற்றுச்சீட்டில ஆற்றை பேரைப் போடச் சொல்லுறது?"

எங்கள் ஐயாவின் பெயரைச் சொன்னோம். கட்டுபவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கோ என்றோம். அது சட்டத்தில் எங்களுக்கு நல்லதில்லை என்று பெரியப்பா சொல்கிறார். இருக்கலாம். உங்களில் எத்தனையோ பேருக்கு அங்கே ஒரு வளவு இருக்கும். அதன் வரியை இப்போது யார் கட்டுகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.