உடைந்த குழாயின்மேல் கோபம் கொள்ளலாமா?



உயிரற்ற ஒரு பொருளின்மேல் கோபம் கொள்வது பாவமா? இந்தக் கேள்வி முதலில் அற்பமாகத் தோன்றும். ஆணி வளைந்தால் ஆணியைத் திட்டுகிறோம். அதனால் ஆணிக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் சற்று நிதானித்து யோசிப்பீர்களானால், அநேக குடும்பங்களின் சமாதானம் குலைவது பெரிய வழக்குகளால் அல்ல, இத்தகைய சிறு உடைசல்களால்தான் என்று கண்டுகொள்வீர்கள்.

இதை ஆராய்வதற்கு, அமெரிக்க தேசத்தில் காணப்படும் ஒருவகை வாழ்க்கையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அங்கே மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடுகள் உண்டு. டிரெய்லர் என்பார்கள். 1930-களிலேயே இவற்றைப் பெருவாரியாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இந்நாளில் இவற்றின் உற்பத்திக்குப் பெயர்போன இடம் இந்தியானா மாகாணத்தின் எல்க்ஹார்ட் பிரதேசம். விடுமுறைப் பயணத்திற்கென்றே இவை பெரும்பாலும் செய்யப்படுகின்றன. ஆயினும் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர்கள் சிலரும், வீட்டு வாடகை கொடுக்க வசதியற்றவர்கள் சிலரும் வருஷம் முழுவதும் இதிலேயே குடியிருக்கிறார்கள். அகலம் எட்டு அல்லது எட்டரை அடி. நீளம் 25 அடி, 30 அடி இருக்கும். அதற்குள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, பம்பு, பாட்டரி எல்லாம் அடக்கம். வண்டி ஓடும்போது வீடு முழுவதும் குலுங்குகிறது. ஆகையால் திருகாணிகள் தளரும். குழாய்களின் பொருத்து விடும். கூரைப் பொருத்துகளில் பூசிய பசை வெடித்து மழைநீர் இறங்கி மரத்தை உளுக்கச் செய்யும். பழுது பார்ப்பது அங்கே எப்போதாவது வரும் விபத்தல்ல, அன்றாடக் கடமை.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் வாழ்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவிலே, ஒருவரும் குழாயைத் திறக்காதிருக்கையில், பம்பு ஒரு விநாடி உறுமி நிற்கிறது. எங்கோ தண்ணீர் கசிந்து அழுத்தம் குறைகிறது என்பதற்கு அது அடையாளம். பொழுது விடிந்ததும் கணவன் சமையல் மேடையின் கீழுள்ள இழுப்பறைகளைக் கழற்றுகிறான். திருகாணியின் தலை தேய்ந்து திருப்புளி வழுக்குகிறது. கை நுழையாத மூலையில் பொருத்து இருக்கிறது. அதைத் தொட்ட மாத்திரத்தில் கசிவு பீறிடுகிறது. தொலைவிலுள்ள கடைக்குப் போய் வாங்கிவந்த பாகம் அளவு சேரவில்லை. மறுபடியும் போகிறான். மாலையில் ஒருவாறு கசிவு நிற்கிறது. ஆனால் இழுப்பறை தன் இடத்தில் நுழைய மறுக்கிறது. அந்த நேரத்தில் மனைவி, “சமையலுக்குத் தண்ணீர் திறக்கலாமா?” என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் காலை முதல் திருகாணியின்மேலும் குழாயின்மேலும் சேர்த்துவைத்த கோபம் அத்தனையும் அவள் தலைமேல் கொட்டுகிறது. எட்டடி அகலமுள்ள வீட்டில் அவள் எங்கே ஒதுங்கி அழுவாள்?

நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1274-ம் ஆண்டில் மரித்த வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், அரிஸ்டாட்டில் என்னும் சாஸ்திரியின் கருத்தைத் தழுவி இதை விளக்குகிறார். கோபமானது, தனக்கு அநியாயம் செய்தவனிடம் ஈடு கேட்கும் ஆசை. அநியாயம் செய்ய மனது வேண்டும். குழாய்க்கு மனது இல்லை. ஆகவே அது அநியாயம் செய்ய இயலாது. புத்தி அறிந்து அதன்மேல் கோபிக்க வழியில்லை. கற்பனை தூண்டிவிட, மிருகங்களுக்கு வருவது போன்ற கோபம் மட்டுமே வரக்கூடும். எறிந்தவனை விட்டு நாய் கல்லைக் கடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

ஆகையால், திருப்புளி வழுக்கியவுடன் மனதில் எழும்பும் முதற் கொதிப்பு, மனச்சம்மதம் இல்லாத வரையில், பாவமல்ல. ஆபத்து அதற்குப் பின்னால் வருகிறது. குழாய் எந்த ஈடும் கொடாது. வலிக்குது என்று சொல்லவும் செய்யாது. எனவே அந்தக் கோபம் திருப்தியடையாமல், வலிக்கக்கூடிய ஒருவரைத் தேடிப் போகிறது. பெரும்பாலும் நமக்குத் திருப்பிச் சொல்லத் துணியாதவரையே கண்டுபிடிக்கிறது: மனைவியை, பிள்ளையை, வீட்டு வேலையாளை.

இங்கே மூன்று காரியங்களைப் பிரித்து அறியவேண்டும். பொருள் தன் சுபாவப்படி தேய்ந்து போனால், குற்றவாளி ஒருவரும் இல்லை. அதற்கு மருந்து பொறுமை. பொறுமை என்பது வருத்தமே இல்லாதிருப்பதல்ல, வருத்தம் நம் விவேகத்தைக் கவிழ்க்க விடாதிருப்பது என்று அதே வேதபாரகர் படிப்பிக்கிறார். இரண்டாவது, செய்தவன் முழுக் கூலியை வாங்கிக்கொண்டு அசட்டையாகச் செய்திருந்தால், அது அநியாயமே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அவனிடம் நியாயத்தைக் கேளுங்கள், நஷ்டஈடும் கேளுங்கள். தேவாலயத்தில் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்த சேசுநாதருடைய கோபம் மேசைகளின்மேல் அல்ல, பிதாவின் வீட்டை அவமதித்தவர்களின் அக்கிரமத்தின்மேல். மூன்றாவது, குற்றமற்றவர்மேல் நாம் கொட்டுகிற கோபம். அப்பொழுது அநியாயம் செய்தது குழாயல்ல, நாமே. ஆகையால் ஈடு செலுத்தவேண்டியவர்களும் நாமே. தரையில் சிந்திய தண்ணீரைத் துணியால் துடைத்துவிடலாம்; சிந்திய சொல்லை அப்படித் துடைக்க முடியாது. வாய்திறந்து மன்னிப்புக் கேட்கவேண்டும்.

அந்தச் சக்கர வீடுகள் பலவற்றில் ஓர் ஏற்பாடு உண்டு. வெந்நீர்த் தொட்டி எஃகினால் ஆனது. தண்ணீர் அந்த எஃகை அரித்துவிடாதபடி, உள்ளே மக்னீசியக் கோல் ஒன்றைச் செருகி வைக்கிறார்கள். அரிப்பெல்லாம் அந்தக் கோலின்மேல் போகும், தொட்டி பிழைக்கும். காலாகாலத்தில் கோலைக் கழற்றிப் பார்த்து, கரைந்து போயிருந்தால் வேறொன்று மாட்டுவார்கள். உலோகத்திற்கு இது தகும். ஆனால் எத்தனை குடும்பங்களில் ஓர் ஆத்துமத்தை இந்தக் கோலாக்கி வைத்திருக்கிறார்கள்! வெளியே பட்ட அரிப்பையெல்லாம் அவள்மேல் செலுத்திவிட்டு, வீடு நன்றாக நடக்கிறது என்கிறார்கள். ஒருவர் தாமாகவே மனமுவந்து பிறருக்காகக் கரைவது தேவசிநேகம். நமது ஆண்டவர் சிலுவையில் செய்தது அதுவே. மற்றொருவரை அவருடைய சம்மதமின்றிக் கரைய வைப்பதோ அநீதி. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி, அடங்கிப் போகிறவளின் பொறுமையைப் புகழ்ந்துகொண்டே அவளை அரித்துத் தின்ன வேண்டாம். கரைந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இது அநியாயம் என்று அமைதியாக எடுத்துச் சொல்வது பொறுமைக்கு விரோதமல்ல.

பாலாம் ஏறிச்சென்ற கழுதை வழியில் நின்றபோது அவன் மூன்று தரம் அதை அடித்தான். வாள் ஏந்திய சம்மனசைக் கழுதை கண்டது, அவன் காணவில்லை. தடைப்படுகிற ஒவ்வொரு வேலையிலும் சம்மனசு நிற்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதை, ஓடுகிற வண்டியைவிட நின்றுபோன வண்டியே நன்றாகக் காட்டுகிறது.

வீட்டை விட்டுச் சக்கரத்தில் குடியேறினால் கவலை தீரும் என்று நினைப்பவரும், மாடி வீடு கட்டினால் தீரும் என்று நினைப்பவரும் ஒரே தவறையே செய்கிறார்கள். பழுதாகாத வாசஸ்தலம் மோட்சத்தில்தான் உண்டு. கூடாரம் செய்து பிழைத்த அர்ச். சின்னப்பர், நம் சரீரத்தையே பிரிக்கப்படப்போகும் கூடாரத்திற்கு ஒப்பிட்டார். கிழிசல் தைக்கும் வேலையை அறிந்தவர் அவர்.

ஆகையால் இந்த வாரத்திற்கு ஒரு பிரதிக்கினை செய்வோம். வீட்டில் ஏதேனும் பழுதாகி மனம் கொதிக்கும்போது, கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் நிற்பவரோடு பேசுங்கள். குற்றமற்ற ஒருவர்மேல் ஏற்கெனவே கொட்டியிருந்தால், படுக்கைக்குப் போகுமுன் அவரிடம் போங்கள். குழாயை நாளைக்கும் பழுது பார்க்கலாம்.