நின்று சுமப்பார் செய்யும் வேலை யாது?

சென்ற ஆண்டுத் திருவிழாவில், சுவாமி திருவீதியுலா எழுந்தருளித் தெற்கு வீதியிலே சிறிது நின்றபொழுது, அடியேன் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு வினா நிகழ்த்தினார். "ஐயா, பெருமான் திருமேனியைத் தோளில் தாங்கி நிற்கும் இவர்கள் வியர்வையில் நனைகின்றார்கள். எங்கள் பௌதிக நூலின்படியோ, இவர்கள் இப்பொழுது செய்யும் வேலை சுன்னம். நான்கு வீதியும் சுற்றிவந்து, எடுத்த இடத்திலே இறக்கிவிட்டால் மொத்தக் கணக்கும் சுன்னமே. அங்ஙனமாயின் இவர்கள் படும் பாடு எங்கே போகிறது?" என்றார். இதனைக் கேட்ட முதியவர் ஒருவர் வெகுண்டு, "அது பொய்ந்நூல், அதனைக் கற்றல் வீண்" என்று கூறி அப்பாற் சென்றார்.

மாணவர் நகைத்தற்பொருட்டு வினாவினாரல்லர். அவருடைய பாட்டியார் மூன்றாண்டுகளாகப் படுக்கையிலிருக்கின்றார். அவரைத் தூக்கியிருத்தி, உணவூட்டி, உடல் துடைத்து, புண் படாவண்ணம் இரவில் இருமுறை எழுந்து புரட்டிக் கிடத்துபவர் மாணவருடைய அன்னையார். "நேற்று இருந்த நிலையே இன்றும், நாளையும் அதுவே. அம்மாவின் உழைப்பு எந்தக் கணக்கிலே சேரும்?" என்று சுவாமிக்குப் பின்னே நடந்துசெல்லுங்கால் அவர் சொல்லியபோதுதான் வினாவின் வேர் எனக்குப் புலனாயிற்று. ஆகவே அவருக்கு அன்று கூறியதையும் பின்னர் எண்ணியதையும் ஈண்டு எழுதலாயினேன்.

முதற்கண், பௌதிக நூலார் கூறுவது யாதெனத் தெளிதல் வேண்டும். ஒரு பொருளின்மேல் ஒரு விசை தாக்க, அப்பொருள் அவ்விசையின் திசையிலே பெயர்ந்தால், விசையையும் பெயர்ந்த தொலைவையும் பெருக்கிவந்த தொகையே வேலை எனப்படும். பெயர்ச்சி இல்லையேல் வேலை இல்லை. பெயர்ச்சி இருந்தும் அது விசைக்குக் குறுக்காக இருப்பின், அப்பொழுதும் வேலை இல்லை. சுமப்பவர் தோள் மேனோக்கித் தாங்குகின்றது. வீதியோ கிடையாகச் செல்கின்றது. ஆதலின் ஒரே சீராக நடக்குங்கால் சுமையின்மேல் அவர் செய்யும் வேலை, அடிதோறும் சிறிது ஏறியிறங்குவதை நீக்கிப் பார்த்தால், சுன்னமேயாம். ஒருவர் பங்குக்கு 50 கிலோகிராம் பாரம் வருவதாகக் கொள்வோம். அதனை நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்துத் தோளுக்கு ஏற்றுங்கால் 686 ஜூல் வேலை நடைபெறுகின்றது. இறக்குங்கால் அதுவே எதிர்க்குறியோடு வந்து கணக்குத் தீர்ந்துபோகின்றது. மாணவர் கூறியதில் பிழை ஒன்றுமில்லை.

அந்த 686 ஜூல் எத்துணைத்து? பத்துக் கிராம் சோறு, அஃதாவது ஒரு சிறு கவளம், உடலுக்குத் தருவது ஏறக்குறைய 54,000 ஜூல். தசையானது தான் செலவிடுவதில் காற்பங்களவே புறவேலையாக்கும் என்று கொண்டாலும், பாரத்தைத் தோளுக்கேற்ற ஒரு கவளத்தில் இருபதிலொரு பங்கு போதும். ஆனால் உலா முடிந்து வீடு திரும்பும் சீபாதந்தாங்கி ஒருவரை இருபதிலொரு கவளம் உண்டு எழச் சொல்லிப் பாருங்கள்! கணக்குக்கும் பசிக்கும் நடுவே இத்துணை வேற்றுமை எங்ஙனம் வந்தது?

நம் நாட்டுப் பழைய சாலையோரங்களிலே சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதன்மேற் சுமையை மாற்றி இளைப்பாறுவர். கருவுற்ற நிலையிலே இறந்த பெண்கள் நினைவாக அவற்றை நடும் வழக்கமும் இருந்தது. இறக்கப்பெறாத சுமையோடு சென்றவளுக்கு இதனினும் தக்க நினைவுக்குறி வேறொன்றை நான் அறியேன். அது நிற்க. அக்கல் சுமையைத் தாங்குங்கால் செய்யும் வேலை சுன்னம். அதே சுமையை அசையாது தாங்கும் மனிதன் செய்வதும் சுன்னம். சுமையைக் கேட்டால் இருவரும் ஒன்றே என்னும். கல் நூறாண்டு தாங்கினும் இளைப்பதில்லை. மனிதனோ ஒரு நாழிகையில் நடுங்குகின்றான். ஆகவே வேற்றுமை சுமையினிடத்தில் இல்லை, சுமப்பவனிடத்தில் உள்ளது. பௌதிகத்தின் வேலை என்பது சுமை பெற்றதை அளக்குங் கோலேயன்றி, சுமந்தவன் கொடுத்ததை அளக்குங் கோலன்று.

இக்கோல் பிறந்த வரலாற்றை நோக்கினும் இது விளங்கும். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே ஜேம்ஸ் வாட் என்பவர் நீராவிப் பொறிகளை விற்கத் தொடங்கியபோது, தம் பொறி எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று வாங்குவோர்க்குச் சொல்லவேண்டியிருந்தது. நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு என்று ஒரு குதிரையின் திறனை அவர் வரையறுத்தது அதன்பொருட்டே. பிரெஞ்சு நாட்டுக் கொரியோலிஸ் 1829-ஆம் ஆண்டிலே தம் பொறிநூலில் வேலை என்னும் பெயரை இப்பொருளில் நிலைநிறுத்தியதும் பொறிகளின் பயனை ஒப்பிடுதற்பொருட்டே. எவ்வளவு நீர் எவ்வளவு உயரம் ஏறிற்று என்பதே சுரங்கத்து முதலாளிக்கு வேண்டியது. பொறி பெருமூச்சு விட்டதா என்று அவர் கேட்கவேண்டியதில்லை. ஆயினும் அவர்களுக்கு முன்னரே, மின்விசையாராய்ச்சியாற் புகழ்பெற்ற கூலோம் என்பவர் மனிதர் நாளுழைப்பை ஆராய்ந்து, விளைந்த பயன் ஒன்று, உழைத்தவனுக்கு நேர்ந்த களைப்பு மற்றொன்று என்று இரண்டையும் பிரித்துரைத்தார். அவர் பிரித்ததைப் பிற்காலத்துப் பாடநூல்கள் நினைவூட்டாமல் விட்டது ஒரு குறையே என்பேன்.

இனி, தொலைவொன்றே விசையை அளக்குங் கோலா? இது பற்றி ஐரோப்பாவிலே ஒரு பெரும் வழக்கு நெடுங்காலம் நிகழ்ந்தது. இயங்கும் பொருளின் வலிமையைப் பொருண்மையையும் வேகத்தையும் பெருக்கி அளக்கவேண்டும் என்பது டேக்கார்ட் வழிவந்தோர் கொள்கை. 1686-ஆம் ஆண்டில் லைப்னிட்ஸ் இதனை மறுத்து, வேகத்தின் வர்க்கத்தையே கொள்ளவேண்டும் என்றார். ஒல்லாந்து நாட்டு ஸ்கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழச் செய்து, இருமடங்கு வேகத்தோடு விழுந்தது நான்மடங்கு பள்ளஞ் செய்தலைக் காட்டினார். எமிலி டு ஷாட்லே என்னும் அம்மையார் 1740-இல் வெளியிட்ட நூலிலே லைப்னிட்ஸ் பக்கமே நின்றார். 1743-இல் டாலம்பேர் என்பவர் இது பெரும்பாலும் சொற்போர் என்றார். இன்றைய நிலையில் நோக்கின் இரு கட்சியும் உண்மையுடையனவே. விசையைத் தொலைவோடு பெருக்கினால் ஆற்றலின் மாற்றம் வரும். காலத்தோடு பெருக்கினால் உந்தத்தின் மாற்றம் வரும். இரண்டும் வேறு வேறு வினாக்களுக்கு விடைகள்.

இவ்விரண்டாவது கோலைக் கொண்டு சுமப்பவரை நோக்குக. நிலத்தின் ஈர்ப்பு ஒவ்வொரு வினாடியும் அப்பாரத்திற்கு வினாடிக்கு 9.8 மீட்டர் என்னும் கீழ்நோக்கிய வேகத்தை ஊட்ட முற்படுகின்றது. தோள் அதற்குச் சமமானதை மேனோக்கி ஊட்டுகின்றது. தோள் விலகின், ஏறத்தாழ அரை வினாடியில் பாரம் தரையில் வீழும். எனவே அசையாது நிற்கும் அந்நிலை ஒன்றும் நிகழாத நிலையன்று. கணந்தோறும் ஒரு வீழ்ச்சி தடுக்கப்படும் நிலையாகும். தொலைவுக் கணக்கிலே சுன்னமென்று வந்தது காலக் கணக்கிலே கணந்தோறும் ஏறிக்கொண்டே செல்கின்றது.

கல்லுக்கு இல்லாத களைப்பு மனிதனுக்கு வருதற்குக் காரணமும் இன்று தெளிவாகியுள்ளது. கல்லின் அணுக்கள் ஒருமுறை சிறிது நெருங்கி அமர்ந்துவிட்டாற் போதும், பின்னர்ச் செலவில்லை. தசையோ அங்ஙனம் பூட்டிக்கொள்ள இயலாதது. அதனுள்ளே இரு வகை நுண்ணிழைகள் உள்ளன. ஓரிழையின் சிறு தலைகள் மற்றோரிழையைப் பற்றி இழுத்து, விட்டு, மீளவும் பற்றிய வண்ணம் இருக்கும். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குதலை ஹக்ஸ்லி என்னும் ஒரே பெயருடைய இருவரும் அவர்தம் துணைவரும் 1954-ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். புறத்தே அசைவின்றி நிற்கும் தோளினுள்ளே கோடிக்கணக்கான பற்றுதல்களும் விடுதல்களும் இடையறாது நிகழ்கின்றன. ஒவ்வொன்றற்கும் உணவின் ஆற்றல் செலவாகி வெப்பமாக மாறுகின்றது. தசையின் வெப்பத்தை அளந்து காட்டிய ஹில் என்பவருக்கு 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. எனவே, சீபாதந்தாங்கியின் வியர்வையைப் பௌதிகம் மறுக்கவில்லை. சுமைக்குரிய ஏட்டில் அதனைத் தேடுவார்க்குக் கிடையாது. உடம்புக்குரிய ஏட்டில் ஒரு ஜூலும் குறையாமல் எழுதப்பட்டிருக்கின்றது. வெகுண்டு சென்ற முதியவர் சற்று நின்றிருந்தால் இதனை அவரும் கேட்டிருப்பார்.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். பௌதிக நூலார் கூறும் ஆற்றலைச் சத்தி என்று மொழிபெயர்த்து, ஆற்றல் அழியாது என்னும் அவர் விதியைக் கொண்டு நம் சத்திக் கொள்கை நிறுவப்பட்டுவிட்டது என்று சிலர் மேடைகளில் முழங்குகின்றனர். அவர்கள் ஆற்றல் அளக்கப்படுவது, அறிவில்லாதது, சுமைக்கும் சுமப்பானுக்கும் வேற்றுமை காணாதது. பெயர் ஒத்ததுகொண்டு பொருளும் ஒக்குமென்றல் அவர்க்கும் நமக்கும் நன்றன்று.

மாணவருக்கு இவ்வளவும் ஒரே மூச்சிற் கூறினேனல்லேன். மேற்கு வீதி முழுதும் நடந்தோம். பாட்டியார் நிலை மாறவில்லை என்பது பற்றி அவர் மீண்டும் கேட்டார். "இரவில் புரட்டிக் கிடத்தாவிடின் என்னாகும்?" என்று வினாவினேன். "முதல் மாதம் யாரும் அறியாமையால் முதுகெல்லாம் புண்ணாயிற்று, அம்மா கண்டுபிடித்தபின் இரண்டரை ஆண்டுக்கு மேலாக ஒரு புண்ணும் இல்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாது வந்தார்.

வடக்கு வீதியின் பெரிய மண்டகப்படியிலே தீபாராதனைக்கு நெடுநேரம் ஆகும். அங்கே சுவாமி நின்றதும், ஓடிவந்த இளைஞர் நால்வர் தண்டுகளின்கீழ்க் கோல்களை முட்டுக்கொடுத்தனர். சீபாதந்தாங்கிகள் தோளை விலக்கி, மேல்துண்டால் முகந்துடைத்து, நீர் பருகினர். பெருமான் அசையாது எழுந்தருளியிருந்தார். மாணவர் அக்கோல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இராத்திரி இரண்டு முறையில் ஒரு முறையை நான் எழுந்து செய்யலாம். இதுவரை தோன்றவில்லை" என்றார்.